திறந்து வைத்த நான்கு குப்பிகள்

படையலுக்கென்று வெயிலில் பரப்பிய நெல்லை, பெய்த மழை தொடாதபடி வேலியிட்டுக் காத்து, அதனாலேயே இந்த ஊருக்குப் பெயரும் தந்த பெருமானே, அவன் இடப்பாகத்தில் அமர்ந்த காந்திமதித் தாயே, நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய்யாகாமல் என் நாவைக் காத்தருள வேண்டும். கைகளைக் காக்கும்படி வேண்டியிருக்க வேண்டிய நாளில் வேண்டாமல் போனேன். இன்று நாவையாவது ஒப்படைக்கிறேன்.

நாள், விஜயதசமி. தசமித் திதியும் திருவோண நட்சத்திரமும் கூடிய நன்னாள். அன்று தொடங்கியது எதுவும் துலங்கும் என்பது பெரியோர் வாக்கு. அந்த வாக்கில் பிழையில்லை. தொடங்கியவன்தான் பிழை.

பக்தி உள்ளவன் செய்யும் தவற்றுக்கும் இல்லாதவன் செய்யும் தவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இல்லாதவன் செய்யும்போதே கொஞ்சம் அஞ்சுவான். உள்ளவன் பதிகம் பாடிக்கொண்டே செய்வான். அறுபத்தாறு வயது நிறைந்த அந்த ஆண்டில் நான் பாடிக்கொண்டே செய்தேன். அதுவும் நல்ல பண்ணில்.

நான் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு அலுவலகத்தில் எழுத்தராயிருந்து ஓய்வு பெற்றவன். திருநெல்வேலியில் குறுக்குத்துறைக்குப் போகும் சாலையில் வீடு. ஞாயிறுதோறும் முற்றோதலில் முன்வரிசையில் அமர்ந்து பதிகங்களைப் பாடுவேன். (சத்தமாகப் பாடுவேன். பக்கத்தில் அமர்பவர்கள் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருப்பதன் காரணம் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.) மனைவி செண்பகம். எங்களுக்கு ஒரே மகள், கோமதி. அவள் பதினோரு ஆண்டுகளாகச் சுவீடன் நாட்டில் உயிரணுக்களை ஆராய்ந்துகொண்டிருக்கிறாள்.

வாரம் ஒருமுறை கைபேசித் திரையில் அவள் முகம் வரும். குளிர்காலத்தில் அங்கே பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும் என்பாள். அவள் பேசும்போது பின்னால் சன்னலில் கருமை தெரியும். "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்பதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேசத் தெரியாது. அவள் வேலையைப் பற்றிக் கேட்க எனக்கு வெட்கம். சொன்னாலும் புரியாதே என்று அவளுக்குத் தயக்கம். பேசி முடிந்ததும் திரை கறுக்கும். அந்தக் கறுப்பில் என் முகமும் செண்பகத்தின் முகமும் தெரியும். அதைப் பார்க்க விரும்பாமல் கைபேசியைக் கவிழ்த்து வைப்பேன்.

அந்த ஆண்டு புரட்டாசியில் ஞானராஜ் சார் வீடு தேடி வந்தார். பாளையங்கோட்டைக்காரர்; திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தவர். அந்த நாளில் திருச்செந்தூர்ப் பாசஞ்சரில் இருவரும் எதிரெதிர் இருக்கையில் போய்ப் பழகிய நட்பு நாற்பது ஆண்டுகளுக்கு நீண்டுவிட்டது. அவர் பைபிளை விரிப்பார், நான் பதிகப் புத்தகத்தை விரிப்பேன், செய்துங்கநல்லூர் வருவதற்குள் இருவரும் மூடிவிட்டு வம்பு பேசுவோம். ஓய்வுக்குப் பிறகு அவர் குழந்தைகளுக்கென்று ஓர் அறிவியல் மன்றம் நடத்திவந்தார்.

"வே பிள்ளைவாள், விஜயதசமிக்குக் கோமதி வாரா. தெரியுமா?"

"எனக்குத் தெரியாம எம் மகளா?"

"நாந்தான் எழுதிக் கூப்பிட்டேன். மன்றத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனை செஞ்சு காட்டுதா. உம்மகிட்ட நாளைக்குச் சொல்லுவா. இன்னொரு விசயம் கேளும். பாளையங்கோட்டையில பெண்கள் கல்லூரி ஒண்ணுல உயிரியல் பேராசிரியர் வேலை காலியா கெடக்கு. முதல்வரம்மாவையும் வரச் சொல்லியிருக்கேன். பார்த்துப் பிடிச்சுப்போச்சுன்னா அங்கனயே பேசிருவாங்க."

எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. பாளையங்கோட்டை என்பது ஆற்றுக்கு அக்கரை. நகரப் பேருந்தில் போய்விட்டு மாலைக் காப்பிக்கு வீடு திரும்பிவிடலாம். பதினோரு ஆண்டுப் பிரிவை ஒரு பாலம் தீர்த்துவிடும் போலிருந்தது. மறுவாரமே ஆளை விட்டு மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். மகளிடம் அதைச் சொல்லவில்லை. செண்பகம் இரண்டு தலையணை வாங்கினாள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை.

கோமதி வந்தாள். இளைத்திருந்தாள். நெற்றியை ஒட்டி இரண்டு மூன்று நரைமுடி. (எனக்கு அவள் வயதில் நரை கிடையாது. பாசனத்துறையில் யோசிக்கும் வேலை குறைவு.) காலில் விழுந்து எழுந்தவள் முதலில் கேட்டது காப்பியை அன்று, ஐஸ்பெட்டி எங்கே என்று. கையில் வெள்ளைப் பஞ்சுக்கட்டி போன்றதொரு சிறிய பெட்டி. அதற்குள் பனிப்பொதிகளின் நடுவே சுண்டுவிரல் நகமளவில் ஐந்து குப்பிகள். அதை எங்கள் ஐஸ்பெட்டியின் உறைதட்டில், உறைமோர்க் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு வைத்தாள்.

"அப்பா, இந்தப் பெட்டியை மட்டும் யாரும் தொடக்கூடாது. வெளிய எடுக்கவே கூடாது."

"அப்படி என்னம்மா இருக்கு அதுல?"

அவள் வேலையைப் பற்றி அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அடுக்களையில் பிச்சிப்பூத் தொடுத்துக்கொண்டிருந்த தாயின் எதிரே தரையில் அமர்ந்துகொண்டாள்.

"எழுத்துப்பா. நாலே நாலு எழுத்து. நம்ம உடம்புல உள்ள டி.என்.ஏ. முழுக்க இந்த நாலையும் மாத்தி மாத்திக் கோத்ததுதான். கோத்து முடிச்ச எழுத்துக்கு ஆபத்து கம்மி. சோடி சோடியா, சுருண்டு மடங்கிப் பத்திரமா இருக்கும். கோக்குததுக்கு முன்னாடி தனியா அலையுது பாருங்க, அதுக்குத்தான் ஆபத்து. நாம இழுக்கிற மூச்சுல உள்ள ஆக்சிஜனே அதைக் கெடுத்துரும். துருப்பிடிச்ச மாதிரி ஆயிரும்."

"துருப்பிடிச்சா என்ன ஆகும்?" என்றாள் செண்பகம்.

"தப்பான சோடியோட ஒட்டிக்கிடும். அடுத்த தடவ பிரதி எடுக்கையில அங்கன ஒரு எழுத்து மாறிப்போகும். பெறவு அந்த செல்லோட வாரிசெல்லாம் அந்தத் தப்போடதான் பொறக்கும். சில தப்பு ஒண்ணும் செய்யாது. சில தப்பு புத்துநோய் வரைக்கும் கொண்டு விட்டுரும்."

"அப்ப அதுக்கு என்ன வழி?"

"செல்லுக்குள்ள ஒரு காவல் இருக்கும்மா. ஒரு நொதி. தனியா அலையுத எழுத்துல துருப்பிடிச்சதைத் தேடிப் பிடிச்சு அதோட வாலை நறுக்கிரும். வால் இருந்தாத்தான் கோக்க முடியும். அந்தக் காவலைப் பத்தித்தான் நான் ஆராய்ச்சி செய்யுதேன்."

செண்பகம் குவியலிலிருந்து பழுப்பேறிய ஒரு பிச்சிப்பூவை எடுத்து, அதன் காம்பை நகத்தால் கிள்ளி எறிந்தாள். "இந்தா, இது மாதிரின்னு சொல்லு. அழுகின பூவைச் சும்மா ஒதுக்கி வெச்சா, பேச்சு வாக்குல அதையே எடுத்துத் தொடுத்துருவோம். காம்பைக் கிள்ளிட்டா நெனச்சாலும் தொடுக்க முடியாது."

கோமதி வாயைத் திறந்தபடி இருந்தாள். "அம்மா, இதை ஒரு வகுப்புக்குப் புரிய வைக்க எனக்கு முழுசா ஒரு பருவம் ஆச்சு."

அடுக்களையில் ஒருத்தி மட்டும் அறிவாளியாக இருப்பதை நான் விரும்பவில்லை. "எல்லாம் பதிகத்துல உள்ளதுதான்" என்றேன்.

"எந்தப் பதிகத்துலப்பா?"

"தேடித் தாரேன்." (இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

சரசுவதி பூசையன்று காலையில் ஞானராஜ் சார் வந்து கோமதியை அழைத்துக்கொண்டு போனார். டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும் கருவியை மதுரையிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தார். அதை மன்றத்தில் நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்: "பூசையில வைக்க உன் ஆயுதம் எதும்மா?"

"என் ஆயுதமெல்லாம் ஐஸ்பெட்டியில இருக்குப்பா" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் சிரித்தது என் கண்ணில் படவில்லை. சொன்னது மட்டும் மேலதிகாரியின் ஆணை போல் நெஞ்சில் பதிந்தது.

மாலையில் பூசைமேடை அமைத்தேன். பதிகப் புத்தகங்கள், என் மைப்பேனா, செண்பகத்தின் கத்தரிக்கோல், அரிவாள்மணை, குழாய் திருகும் சாவி எல்லாம் சந்தனப் பொட்டோடு அணிவகுத்தன. அணிவகுப்பில் மகளுடைய இடம் மட்டும் காலியாக இருந்தது. மறுநாள் அவளைப் பார்க்க முதல்வரம்மா வரவிருக்கிறார். அம்பாளுக்கு முன் அவள் ஆயுதம் இல்லையென்றால் என்ன தகப்பன் நான்? ஐஸ்பெட்டியைத் திறந்தேன்.

"என்னங்க, பிள்ளை தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுல்லா போயிருக்கா."

"அது அழுக்குக் கைக்காரங்களுக்குச் சொன்னது. நான் குளிச்சு முழுகி நீறு பூசியிருக்கேன்."

"ஐஸுல இருக்க வேண்டியதாம்."

"அம்பாள் சந்நிதியில இல்லாத குளிர்ச்சியா உன் ஐஸ்பெட்டியில இருந்துரப் போகுது?"

"என்னமும் செய்யுங்க. நாளைக்குப் பிள்ளை கேட்டா, நான் பூத்தொடுத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லிருவேன்."

ஐந்தில் நான்கை எடுத்தேன். நான்கு எழுத்து என்றுதானே சொன்னாள். ஐந்தாவது அயலானாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பன்னீரில் குழைத்த சந்தனத்தை ஒவ்வொரு குப்பிக்கும் பொட்டாக இட்டேன். குப்பியின் மேல் கறுப்பு மையால் ஏதோ எழுதியிருந்தாள். சந்தனம் பட்டதும் அது கரைந்து போயிற்று. அம்பாளுக்குப் பெயர்ச்சீட்டு எதற்கு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்ததாக நான் செய்ததுதான் தலையாய செயல். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு முறை உண்டு: மூடிவைத்ததைப் படைக்கலாகாது. பாயசமானாலும் சுண்டலானாலும் மூடியை எடுத்துவிட்டுத்தான் நீர் சுற்ற வேண்டும். மூடியிருந்தால் தெய்வம் எப்படிக் கொள்ளும்? நான்கு குப்பிகளின் மூடியையும் நகத்தால் நெம்பித் திறந்தேன். ஒவ்வொன்றும் 'டிக்' என்றது. உள்ளே நிறமில்லாத ஒரு சொட்டு நீர். வில்வ இலையில் விட்டால் அதிலேயே தங்கிவிடும், அவ்வளவுதான். வெளியே சந்தனம் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லையே என்று பட்டது. பச்சைக்கற்பூரம் சேர்த்த திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்து நான்கிலும் தூவினேன்.

இருபுறமும் குத்துவிளக்கு. நடுவில் சாம்பிராணிப் புகை. மறுநாள் காலை மறுபூசை முடியும்வரை பூசையில் வைத்ததை எடுக்கக் கூடாது என்பதும் முறை. அந்தப் புழுக்கத்தில், விளக்குச் சூட்டில், வாயைத் திறந்தபடி நான்கு எழுத்துகளும் அமர்ந்திருந்தன. நான் பாடினேன். பாட்டுக்கு இடையில் சொந்தச் சொல்லில் ஒன்று மட்டும் வேண்டினேன்: அவள் இங்கேயே இருக்கட்டும். வேறு எதையும் கேட்கவில்லை. நோயை நீக்கச் சொல்லவில்லை, நீண்ட ஆயுள் கேட்கவில்லை.

கோமதி திரும்பி வந்து, மேடைக்கு முன் விழுந்து வணங்கி, சுண்டல் தின்றுவிட்டுப் படுக்கப் போனாள். குப்பிகள் புத்தக அடுக்குக்குப் பின்னால் இருந்ததால் அவள் கண்ணில் படவில்லை.

விடியலில் ஆற்றில் முழுகிவிட்டு வந்து மறுபூசை முடித்து, குப்பிகளைக் கையில் எடுத்தேன். மூன்றில் துளி ஈரமில்லை. நான்காவதில் ஈரம் இருந்ததா, என் கண்ணில் இருந்ததா என்று சொல்ல இயலாது. எனக்கு மெய் சிலிர்த்தது. அம்பாள் படையலை ஏற்றுக்கொண்டாள். இத்தனை ஆண்டுப் பாட்டில் இப்படியொரு சான்று கிடைத்ததில்லை. கண்ணீர் மல்க நின்றேன்.

இரண்டாவது எண்ணம் காப்பி குடிக்கும்போதுதான் வந்தது. அம்பாள் எடுத்துக்கொண்டது சரி, கோமதிக்கு?

மகளை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். எழுப்பவில்லை. காரணம் அச்சம் மட்டுமில்லை. அவள் முகம் சுருங்கினால் அதைத் திரையில் அல்லாமல் நேரில் பார்க்க வேண்டிவரும். அதற்கு எனக்குப் பழக்கமில்லை. பூசை அறையில் செம்புக் குடத்தில் தாமிரபரணி நீர் இருந்தது. இதைவிடத் தூய நீர் சுவீடனில் உண்டா? என் பேனாவுக்கு மை ஊற்றும் சிறு குழாயை இரண்டு முறை கழுவி, ஒவ்வொரு குப்பியிலும் ஒரு சொட்டு விட்டேன். ஒன்று மட்டும் இலேசாக நீலம் பாரித்தது. மூன்று முறை கழுவியிருக்கலாம். மூடிகளை அழுத்திச் சந்தனத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் பழையபடி அடுக்கினேன். அணைக்கட்டு அலுவலகத்தில் கோப்புகளைப் பழையபடி அடுக்குவதில் எனக்குப் பெயர் உண்டு.

மன்றம் பாளையங்கோட்டையில் ஒரு பழைய பள்ளிக் கூடம். ஓட்டுக் கூரை உயரமாக இருக்கும். நாற்பது குழந்தைகள். முன்வரிசையில் முதல்வரம்மா, அவருக்கு அடுத்து ஞானராஜ் சார், அடுத்து நான். பெண்கள் பக்கம் செண்பகம். குழந்தைகள் வாழைப்பழத்தைப் பிசைந்து, உப்பும் சோப்பும் விட்டு, எரிசாராயம் சேர்த்து, நூல் நூலாக வெள்ளையாக மிதந்ததைக் குச்சியில் சுற்றி எடுத்தார்கள். அதுதான் வாழையின் டி.என்.ஏ. என்றாள் கோமதி. அதில் ஒரு துண்டை மட்டும் கருவிக்குள் வைத்து, நான்கு எழுத்துகளையும் அவற்றைக் கோக்கும் நொதி இருந்த ஐந்தாம் குப்பியையும் இட்டால், கோடிக்கணக்கில் பிரதி எடுக்கும். அதை நீல வெளிச்சத்தில் பார்த்தால் பச்சைக் கோடாக ஒளிரும். குப்பிகளை எடுத்தவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"மையெல்லாம் அழிஞ்சிருக்கே. ஐஸ் ஈரம் போல. பரவால்ல, நாலும் சம அளவுதான் போடப் போறோம்."

நான் ஓட்டுக் கூரையின் குறுக்குச் சட்டங்களை எண்ணினேன்.

குழந்தைகளே கலந்தார்கள். கருவி இரண்டு மணி நேரம் முனகிற்று. எல்லோரும் புளியோதரை சாப்பிட்டோம். பிறகு, கடல்பாசி இனிப்பைப் போல் உறைந்திருந்த ஒரு வில்லையில் அந்த நீரை ஏற்றி, சன்னல்களைச் சாத்தி, நீல விளக்கைப் போட்டாள். நாற்பது தலைகள் குனிந்தன.

ஒன்றுமில்லை. படைப்புக்கு முன் இருந்ததாகச் சொல்கிறார்களே, அந்த இருள்தான் இருந்தது.

முதல்வரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாடி அறையின் சுண்ணாம்பு வாசம் நினைவுக்கு வந்தது.

கோமதி சன்னல்களைத் திறந்தாள். முகத்தில் கலக்கமில்லை. "சரி. ஒண்ணும் வரலை. இப்பதான் வேலையே ஆரம்பிக்குது. எது கெட்டுப்போச்சுன்னு எல்லாருமாக் கண்டுபிடிப்போம்."

வாழைப்பழம், மின்வெட்டு, கருவி என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். குப்பிகள் கைமாறின. இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தாள். "மிஸ், அடியில வெள்ளையா என்னமோ கெடக்கு." பிறகு மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். "மிஸ், விபூதி வாசம் அடிக்கி."

அந்த மன்றத்திலிருந்த அத்தனை கண்களும் திரும்பின. தேட வேண்டிய தொல்லை எவருக்கும் இல்லை. நெற்றி நிறையப் பூசியிருந்தவன் அங்கே ஒருவன்தான்.

ஞானராஜ் சார் என் பக்கம் சாய்ந்தார். "என்னவே, நெத்தியில இடம் பத்தலையோ?"

நான் எழுந்து நின்றேன். எழுந்ததற்குக் காரணம் நேர்மை அன்று; உட்கார்ந்திருக்க முடியவில்லை. "படைச்சேம்மா" என்றேன்.

"எதைப்பா?"

"இந்த நாலையும்தான். சரசுவதிக்கு முன்னால."

"மூடியோடயா?"

"மூடியோட படைக்கக்கூடாதும்மா."

முதல்வரம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். கோமதி கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு நேரம்?"

"மறுபூசை வரைக்கும்."

"விளக்கு பக்கத்துல?"

"ரெண்டு பக்கமும்."

"பெறவு?"

"காலையில பார்த்தா காய்ஞ்சு போயிருந்தது. அதனால ஆத்துத்தண்ணி கொஞ்சம்... செம்புக் குடத்துல இருந்தது."

"எதால ஊத்தினீங்க?"

"மை ஊத்துத குழாயால. கழுவினேன்."

நான் சொல்லச் சொல்ல அவள் பலகையில் எழுதினாள். நாற்பது குழந்தைகளும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். இரட்டைச் சடைக்காரி, "தாத்தா, ரெண்டாவது சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க" என்றாள். திரும்பச் சொன்னேன். முப்பதாண்டு அரசுப் பணியில் என் வாக்குமூலத்தை இத்தனை பேர் படியெடுத்ததில்லை.

கோமதி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பலகையைக் காட்டிக் குழந்தைகளிடம் சொன்னாள்: "சூடு, காத்து, சாம்பல், செம்பு, மை. எங்கப்பா இதையெல்லாம் ஒரே ராத்திரியில செஞ்சுட்டாரு. செம்பு மாதிரி உலோகம் பட்டா துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ஆனா உங்க ஒவ்வொருத்தர் செல்லுக்குள்ளயும் சூடும் காத்தும் உலோகமும் இப்பவே, இந்த நிமிசமே இருக்கு. தனியா அலையுத எழுத்தை அது தொட்டுக்கிட்டேதான் இருக்கு. இருந்தும் நீங்க நல்லாத்தான இருக்கீங்க. எப்படி?"

அவள் தாயைப் பார்த்தாள். செண்பகம் முதலில் மாட்டேன் என்று தலையசைத்தாள். பிறகு எழுந்து மேடைக்குப் போய், கொண்டையிலிருந்த சரத்தைப் பிரித்து வாடிய பூவைத் தேடி எடுத்துக் காம்பைக் கிள்ளிக் காட்டினாள். "இனி இதைத் தொடுத்துக் காட்டு பாப்போம்" என்று இரட்டைச் சடையிடம் நூலையும் கொடுத்தாள். முடியவில்லை. மன்றம் முழுவதும் "ஆ" என்றது. அன்றைய பரிசோதனையில் வெற்றி பெற்றது அது ஒன்றுதான்.

விடைபெறும்போது முதல்வரம்மா கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தோத்துப்போனதை வெச்சே பாடம் நடத்திட்டீங்க. எங்க பிள்ளைகளுக்கு நீங்கதான் வேணும். எப்ப வாரீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

பாலத்தைப் பேருந்து கடந்து முடிப்பதற்குள் நான் முழுவதுமாக மாறியிருந்தேன். நடந்தது விபத்தன்று, திருவிளையாடல். பரிசோதனை வென்றிருந்தால் அந்த அம்மாள் கைதட்டிவிட்டுப் போயிருப்பார். தோற்றதால்தான் மகளின் திறம் தெரிந்தது. தோற்றது யாரால்? திருநீற்றால். திருநீற்றை இட்டது யார்? அடக்கத்தோடு சன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்கு முன் கோமதி என்னைப் படித்துறைக்கு அழைத்தாள். கல்லில் அமர்ந்து கால்களை நீரில் விட்டுக்கொண்டாள். மீன்குஞ்சுகள் வந்து கடித்தன.

"அப்பா, நான் வரமாட்டேன்."

நான் அக்கரையைப் பார்த்தேன்.

"பொறப்படுததுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். ஞானராஜ் சார் கூப்பிட்டாரேன்னு வந்தேன். உங்களைப் பார்க்கணும்னு வந்தேன். அந்தக் காவலைப் பத்தித் தெரியாதது இன்னும் நெறைய இருக்குப்பா. பாதியில கெடக்கு. அதைச் செய்ய இங்கன இடமில்லை."

"நான் விபூதி போடாம இருந்திருந்தா..."

"போட்டாலும் வரமாட்டேன், போடாட்டாலும் வரமாட்டேன்." என் முழங்கை மேல் கை வைத்தாள். "வந்த அன்னைக்கே மாடிக்குப் போனேன். வெள்ளையடிச்சிருந்தது. ரெண்டு தலையணை, உறை பிரிக்காம. அதைப் பார்த்த பெறவு எப்படிச் சொல்ல? தெனமும் நாளைக்குச் சொல்லுவோம்னு வெச்சிருந்தேன்."

வீட்டில் ஒளித்து வைத்தவன் நான் ஒருவன் மட்டுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மகளை இழந்ததற்கு என் பாவம் காரணமாக இருந்திருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். என் பாவத்துக்கு அந்தப் பெருமைகூட வாய்க்கவில்லை. நீரில் கிடந்த அவள் கால்களைப் பார்த்தேன். குழந்தையாக இருக்கும்போது இதே படியில் அமர்ந்து, "மீனு கடிக்கிப்பா" என்று சிணுங்குவாள். இப்போது கடிக்க விட்டு அமைதியாக இருந்தாள். அங்கே ஆற்றில் கால் வைக்க முடியாது, உறைந்திருக்கும் என்று முன்பொருமுறை திரையில் சொன்னது நினைவுக்கு வந்தது.

"குளிருதா அங்க?" என்று கேட்டேன். கேட்க வேண்டியது வேறு. வாயில் வந்தது அது.

"பழகிட்டுப்பா" என்றாள்.

இது நடந்து ஆண்டுகள் சில ஆகிவிட்டன. எங்கள் உறவில் எந்த வீட்டு விசேடத்துக்கு நான் போனாலும், "மாமா வாராரு, மூடியெல்லாம் இறுக்கி மூடுங்க" என்று ஒரு குரல் எழும். ஊறுகாய்ச் சாடியைக் கூட என் எதிரில் திறப்பதில்லை. முற்றோதலில் பிரசாதத் தூக்கை என்னிடம் தருவதில்லை. இரட்டைச் சடைக்காரி இப்போது கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள், வழியில் கண்டால், "தாத்தா, இந்த வருசம் என்ன படைச்சீங்க?" என்று கேட்காமல் போவதில்லை.

கோமதி இரண்டாண்டுக்கு ஒருமுறை வருகிறாள். விஜயதசமியில் மன்றத்துப் பரிசோதனை தொடர்ந்து நடக்கிறது. பச்சைக் கோடு தவறாமல் ஒளிர்கிறது. காரணம், தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து கார் நேராக எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. முதலில் பாளையங்கோட்டையில் ஞானராஜ் சார் வீட்டு வாசலில் நிற்கிறது. அவர் வீட்டு ஐஸ்பெட்டியில் இருப்பதை எவரும் பூசையில் வைப்பதில்லை என்பது என் மகள் ஆராய்ந்து கண்ட முடிவு. பெட்டியை அங்கே வைத்துவிட்டுத்தான் ஆற்றைக் கடக்கிறாள். அவர் கைபேசியில் அழைப்பார்: "பெட்டி உள்ள போயிட்டு வே. பிள்ளை காப்பி குடிக்கா. பைய வருவா, பதறாதீரும்."

அங்கிருந்து இங்கே அரைமணி நேரம். நான் வாசல்படியில் நின்றுகொண்டிருப்பேன். செண்பகம் உள்ளே வந்து உட்காரச் சொல்வாள், உட்கார மாட்டேன். இரண்டாண்டைப் பொறுத்துப் பழகிவிட்ட எனக்கு, அந்த அரைமணியை மட்டும் இன்றுவரை பொறுக்கத் தெரியவில்லை.

இதைப் படித்தவர்களும், படிக்கக் கேட்டவர்களும், கேட்டுச் சிரித்தவர்களும் எல்லா நலனும் பெற்று நீடு வாழ்க. அவர்கள் உடம்பில் ஓடும் எழுத்துகளில் ஒன்றும் பிழைபடாதிருக்க. தொலைவிலிருக்கும் அவர்கள் பிள்ளைகள், ஊர் திரும்பும் நாளில், வேறெங்கும் இறங்காமல் முதலில் அவரவர் வாசலுக்கே வந்து சேர்வார்களாக.